முதல் வகுப்பு... கீழே விழுவது எப்படி? - பிள்ளைகளைப் பறக்கவைக்கும் பி.எம்.எக்ஸ் கோடை முகாம்!

முகத்தை முழுசாக மூடும் ஹெல்மெட், கைகளில் உறை, முழங்கால்களில் தடிமனான பேட். மரத்தாலான சரிவு மேடையின் உச்சியில் வரிசையாக நிற்கிறார்கள் பிள்ளைகள். சைக்கிள் கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறார்கள். ஆனால், சைக்கிள்கள் எல்லாம் சுவரோரமாகச் சாய்ந்து கிடக்கின்றன. பயிற்சியாளர் கை காட்டியதும், ஒவ்வொருவராக இரண்டு அடி ஓடி, முழங்காலில் விழுந்து, சறுக்கிக்கொண்டே கீழே வருகிறார்கள். மறுபடி மேலே ஏறுகிறார்கள். மறுபடி விழுகிறார்கள்.

பி.எம்.எக்ஸ் கோடை முகாம்களில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஆரம்பப் பாடங்களில் இதுவும் ஒன்று. பறப்பது எப்படி, காற்றில் சுழல்வது எப்படி என்பதெல்லாம் பிறகுதான். முதலில், அடிபடாமல் விழுவது எப்படி?

நம் வீடுகளில் சைக்கிள் பழகிய கதையே வேறு. அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்கு பெடல் போட்டு, பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர் எப்போது கையை விட்டார் என்றே தெரியாமல் பத்தடி போய், முள்வேலியில் விழுந்து எழுந்தவர்கள் நாம். விழுவது அங்கே விபத்து. இங்கேயோ அது பாடத்திட்டம்! இந்த ஒரு வித்தியாசத்தில்தான் பி.எம்.எக்ஸ் பயிற்சியின் மொத்த ரகசியமும் இருக்கிறது.

மோட்டார் இல்லாத மோட்டோகிராஸ்

பி.எம்.எக்ஸ் என்பது ‘பைசைக்கிள் மோட்டோகிராஸ்’ என்பதன் சுருக்கம். மேடு பள்ளமான மண் பாதையில் மோட்டார் பைக்குகள் பாய்ந்து செல்லும் பந்தயம்தான் மோட்டோகிராஸ். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், 1970-களின் தொடக்கத்தில் அந்தப் பந்தயங்களைப் பார்த்து வளர்ந்த சிறுவர்களுக்கு மோட்டார் பைக் வாங்க வசதியும் இல்லை, வயதும் இல்லை. தங்களிடம் இருந்த 20 இன்ச் சக்கர சைக்கிள்களை எடுத்துக்கொண்டு காலி மனைகளில் இறங்கினார்கள். மண்ணைக் குவித்து மேடு கட்டினார்கள். வாயாலேயே இன்ஜின் சத்தம் எழுப்பிக்கொண்டு பாய்ந்தார்கள்.

1971-ல் வெளியான ‘ஆன் எனி சண்டே’ என்ற மோட்டார் பைக் ஆவணப்படம், இப்படி சைக்கிளில் பாயும் சிறுவர்களைக் காட்டித்தான் தொடங்கும். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘இ.டி’ படம் நினைவிருக்கிறதா? 1982-ல் வந்த அந்தப் படத்தில், வேற்றுக்கிரகவாசியைக் கூடையில் வைத்துக்கொண்டு போலீஸிடமிருந்து பிள்ளைகள் தப்பி ஓடுவது பி.எம்.எக்ஸ் சைக்கிள்களில்தான்.

பிள்ளைகளே கண்டுபிடித்த இந்த விளையாட்டு, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது. எட்டுப் பேர் ஒரே நேரத்தில் சரிவிலிருந்து பாய்ந்து, மேடுகளைத் தாண்டி, சுமார் 40 நொடிக்குள் முடிக்கும் ‘ரேஸிங்’ ஒரு பிரிவு. ரேம்ப்களில் ஏறி, காற்றில் வித்தை காட்டி மதிப்பெண் வாங்கும் ‘ஃப்ரீஸ்டைல்’ இன்னொரு பிரிவு. இது, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்ந்தது.

ஜிம்னாஸ்டிக்ஸ் முகாமுக்குள் நுழைந்த சைக்கிள்

பிள்ளைகளுக்கு பி.எம்.எக்ஸ் சொல்லித்தரும் முகாம் என்றால், அமெரிக்காவில் முதலில் சொல்லப்படும் பெயர் ‘உட்வர்ட்’. பென்சில்வேனியா மாநிலத்தின் சின்னஞ்சிறு கிராமம் அது. 1970-ல் அங்கே தொடங்கப்பட்டது ஜிம்னாஸ்டிக்ஸ் முகாம். கோடையில் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பயிற்சி எடுப்பார்கள். 1980-களில், அதே வளாகத்துக்குள் பி.எம்.எக்ஸ் சைக்கிளும் நுழைந்தது. பிறகு ஸ்கேட்போர்டும் வந்தது.

ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? அங்கேதான் இருக்கிறது சுவாரஸ்யம். காற்றில் குட்டிக்கரணம் போடப் பழகும் ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள், எடுத்த எடுப்பில் தரையில் குதிப்பதில்லை. பெரிய பள்ளம் நிறைய ஸ்பாஞ்ச் கட்டைகளைக் கொட்டிவைத்து, அதற்குள் குதித்துப் பழகுவார்கள். ‘ஃபோம் பிட்’ என்று அதற்குப் பெயர். குட்டிக்கரணம் போடும் பிள்ளைக்கு உதவும் அந்தப் பள்ளம், சைக்கிளோடு குட்டிக்கரணம் போடும் பிள்ளைக்கும் உதவுமே!

அதுவரை ஒரு புதிய வித்தையைக் கற்க வேண்டுமானால், கான்கிரீட்டிலோ மண்ணிலோ விழுந்து எழுந்துதான் ஆக வேண்டும். ஒருமுறை தப்பாகப் போனால் எலும்பு முறிவு, கோடை விடுமுறை மொத்தமும் மாவுக்கட்டு. ஃபோம் பிட் வந்த பிறகு ஒரே வித்தையை ஒரே நாளில் 20, 30 தடவை முயன்று பார்க்க முடிகிறது. தப்பு செய்வதற்குக் கொடுக்க வேண்டிய விலை குறைந்ததும், கற்கும் வேகம் கூடிவிட்டது.

முதல் நாள்: உட்காராதே!

சைக்கிள் ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கு முகாமில் கிடைக்கும் முதல் அதிர்ச்சி, சீட்டில் உட்காரக் கூடாது என்பது. பி.எம்.எக்ஸ் சைக்கிளில் சீட் மிகவும் தாழ்வாக இருக்கும். அது உட்காருவதற்காக அல்ல, வழியில் இடிக்காமல் இருப்பதற்காக! கியர் கிடையாது. பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக்.

இரண்டு பெடல்களும் தரைக்குச் சமமாக இருக்க, அதன்மேல் எழுந்து நிற்க வேண்டும். முழங்காலும் முழங்கையும் லேசாக மடங்கியிருக்க வேண்டும். இடுப்பு சற்றுப் பின்னால். பார்வை முன்சக்கரத்தின் மீது இல்லாமல், அடுத்து வரப்போகும் மேட்டின் மீது. ‘கண் போகும் இடத்துக்குத்தான் சைக்கிள் போகும்’ என்பது பயிற்சியாளர்கள் அலுக்காமல் சொல்லும் மந்திரம். பள்ளத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினால் பள்ளத்தில்தான் விழுவோம் என்பது நமக்கும் தெரிந்ததுதானே!

அடுத்தது ‘பம்ப்’. தொடர்ச்சியாகச் சின்னச் சின்ன மண் மேடுகள். பெடலை மிதிக்காமலே அவற்றைக் கடக்க வேண்டும். எப்படி? ஊஞ்சலில் நின்றுகொண்டு ஆடும்போது, உட்கார்ந்து எழுந்து வேகம் கூட்டுவோம் இல்லையா, அதேதான். மேடு ஏறும்போது கை கால்களை மடக்கி உடலை லேசாக்கி, இறங்கும்போது நீட்டி சைக்கிளை அழுத்த வேண்டும். இது பிடிபட்டுவிட்டால், ஒரு மிதிகூட மிதிக்காமல் ட்ராக்கைச் சுற்றி வரலாம். பிள்ளைகளின் முகத்தில் முதல் சிரிப்பு வருவது இந்த இடத்தில்தான்.

ரேஸிங் பழகும் பிள்ளைகளுக்கு ‘கேட்’ தனிப் பாடம். முன்சக்கரத்தைத் தொடக்கத் தடுப்பில் முட்டுக்கொடுத்து, இரண்டு கால்களையும் பெடலில் வைத்து அசையாமல் நிற்க வேண்டும். ‘தயாராகுங்கள், கேட்டைப் பாருங்கள்’ என்ற பதிவுசெய்யப்பட்ட குரல் ஒலிக்கும். அதன் பிறகு ஒரு இடைவெளி. அது எவ்வளவு நேரம் என்பது ஒவ்வொரு முறையும் மாறும், யாராலும் கணிக்க முடியாது. பீப் சத்தத்தோடு விளக்கு எரிய, தடுப்பு சரியும். அந்த இடைவெளியில் பதறாமல் நிற்கப் பழகுவது, துறுதுறு பிள்ளைகளுக்குச் சைக்கிளைவிடக் கஷ்டமான பாடம்!

ஸ்பாஞ்ச், பிளாஸ்டிக், மரம்

ஃப்ரீஸ்டைல் கற்கும் பிள்ளைகள், ஒரு வித்தையை மூன்று படிகளில் கடக்கிறார்கள்.

முதல் படி, ஸ்பாஞ்ச் பள்ளம். ரேம்ப்பில் ஏறி, காற்றில் எழும்பி, வித்தையை முயன்று, எப்படி வேண்டுமானாலும் விழலாம். ஆனால், இதிலும் கண்டிப்பான ஒரு விதி உண்டு. முன்னால் குதித்தவர் வெளியே வந்துவிட்டாரா என்று பார்க்காமல், அடுத்தவர் கிளம்பக் கூடாது. கட்டைகளுக்குள் புதைந்துபோன சைக்கிளை இழுத்து வெளியே எடுப்பதற்குள் கை வலித்துவிடும். அதுவும் பயிற்சிதான் போலிருக்கிறது!

இரண்டாவது படி, ‘ரெஸி’. இறங்குமிடம் நிஜமான ரேம்ப் மாதிரியே சரிவாக இருக்கும். அதன்மேல் ஸ்பாஞ்ச் விரித்து, வழுவழுப்பான பிளாஸ்டிக் ஷீட் போர்த்தியிருப்பார்கள். சரியாக இறங்கினால் சைக்கிள் அப்படியே உருண்டு போகும். தப்பினால், அடி பலமாகப் படாமல் சறுக்கிவிடும்.

இந்த நடுப்படி ஏன்? ஸ்பாஞ்ச் பள்ளத்தில் எல்லோருமே ஜெயித்துவிடலாம். அதில் குதிக்கும் பிள்ளைக்கு காற்றில் சுழல வரும், தரையில் இறங்க வராது. ‘எனக்கு வந்துடுச்சு’ என்று நேராகக் கான்கிரீட்டுக்குப் போனால் ஆபத்து. மெத்தை தரும் தைரியம் பாதி தைரியம்தான். மீதியை ரெஸியில் சம்பாதிக்க வேண்டும். அங்கே பல தடவை பிசகாமல் இறங்கிய பிறகே மூன்றாவது படியான மர ரேம்ப்புக்கு அனுமதி.

விழும் கலைக்கும் இலக்கணம் உண்டு. விழப்போகிறோம் என்று தெரிந்ததும் சைக்கிளைத் தள்ளிவிட வேண்டும். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தால், ஹேண்டில்பார் வயிற்றில் குத்தும். கையை விறைப்பாக நீட்டித் தரையில் ஊன்றக் கூடாது. மணிக்கட்டும் காறை எலும்பும் உடைவது பெரும்பாலும் அப்படித்தான். தாடையை நெஞ்சோடு ஒட்டி, உடலைச் சுருட்டி, தோள்பட்டையால் உருள வேண்டும். ரேம்ப் என்றால் முழங்கால் பேடில் சறுக்கி இறங்க வேண்டும். யோசித்துச் செய்ய நேரமிருக்காது. உடம்புக்குத் தானாகவே வர வேண்டும். அதனால்தான் முதல் நாளிலிருந்தே அத்தனை தடவை விழவைக்கிறார்கள்.

கீழே விழுந்தவர் தங்கம் வாங்கிய கதை

‘விழுந்தால் என்ன, எழுந்திரு’ என்று சொல்வது சுலபம். அதை உலகமே பார்க்கச் செய்து காட்டியவர் இங்கிலாந்தின் ஷார்லட் வொர்திங்டன். மான்செஸ்டரில் ஒரு மெக்ஸிகன் உணவகத்தில் சமையல் வேலை பார்த்தவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஃப்ரீஸ்டைல் இறுதிப்போட்டி. ஒவ்வொருவருக்கும் இரண்டு வாய்ப்புகள், எது அதிகமோ அந்த மதிப்பெண் கணக்கு. முதல் வாய்ப்பில், பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே முழுவட்டமும் சுழலும் வித்தையை முயன்றார். அதுவரை எந்தப் பெண்ணும் போட்டியில் செய்திராத வித்தை. தடுமாறி விழுந்தார்.

மிச்சமிருப்பது ஒரே வாய்ப்பு. பாதுகாப்பாக எதையாவது செய்து முடிக்கலாம். ஆனால், அதே வித்தையை மறுபடி முயன்றார். இந்த முறை சக்கரங்கள் சரியாகத் தரையைத் தொட்டன. 97.50 மதிப்பெண்கள், தங்கப்பதக்கம்!

பெக்கம் வட்டாரத்திலிருந்து ஒலிம்பிக் வரை

‘ரேம்ப், ஸ்பாஞ்ச் பள்ளம், தங்கும் விடுதி... இதெல்லாம் காசிருப்பவர்களின் பொழுதுபோக்கு’ என்று தோன்றலாம். பெரிய முகாம்களின் கட்டணம் நிஜமாகவே அதிகம்தான். ஆனால், இந்த விளையாட்டு பிறந்ததே காலி மனையில் குவித்த மண்ணில்தான். அதை மறக்காத இடங்களும் உண்டு.

தென்கிழக்கு லண்டனின் பெக்கம், உழைக்கும் மக்களும் புலம்பெயர்ந்த குடும்பங்களும் நெருக்கமாக வாழும் பகுதி. தெருவில் சுற்றும் பிள்ளைகள் தப்பான சகவாசத்தில் சிக்கிவிடக் கூடாது என்று, 2004-ல் அந்த வட்டாரத்துப் பெரியவர்கள் பி.எம்.எக்ஸ் கிளப் ஒன்றைத் தொடங்கினார்கள். 2013-ல் அங்கிருக்கும் பர்கஸ் பூங்காவில் முறையான ட்ராக்கும் அமைந்தது. கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவருடைய மகன் கை வைட், டோக்கியோ ஒலிம்பிக்கில் பி.எம்.எக்ஸ் ரேஸிங்கில் வெள்ளி வென்றார்.

அதே நாளில், அதே ட்ராக்கில் பெண்கள் பிரிவில் தங்கம் வென்றவர் இங்கிலாந்தின் பெத்தனி ஷ்ரீவர். நாட்டின் விளையாட்டு அமைப்பு ஆண்களுக்கு மட்டுமே பி.எம்.எக்ஸ் நிதி என்று முடிவெடுத்த காலத்தில், மழலையர் பள்ளியில் உதவி ஆசிரியராகப் பகுதிநேர வேலை பார்த்தும், பொதுமக்களிடம் ஆன்லைனில் நிதி திரட்டியும் பயிற்சியைத் தொடர்ந்தவர் அவர். இறுதிக்கோட்டைத் தாண்டியதும் கால்கள் துவண்டு சரிந்த அவரை, சற்று முன்புதான் வெள்ளி வென்றிருந்த கை வைட் ஓடி வந்து தூக்கிய காட்சி, அந்த ஒலிம்பிக்கின் மறக்க முடியாத படங்களில் ஒன்று.

பயப்பட வேண்டியதற்குப் பயப்படணும்

எல்லாம் சரி, பெற்ற மனம் கேட்குமா? கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பி.எம்.எக்ஸ் ஆபத்தே இல்லாத விளையாட்டு என்று சொன்னால் அது பொய்.

ஆஸ்திரேலியாவின் கை சகாகிபாரா, சயா சகாகிபாரா இருவரும் அண்ணன் தங்கை. அண்ணனைப் பார்த்துத்தான் தங்கையும் இந்த விளையாட்டுக்கு வந்தார். 2020 பிப்ரவரியில், ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் நகரில் நடந்த உலகக்கோப்பைப் பந்தயத்தில் அண்ணன் விழுந்தார். தலையில் பலத்த காயம். வாரக்கணக்கில் கோமா. நடப்பது, பேசுவது என்று எல்லாவற்றையும் மறுபடி கற்க வேண்டியிருந்தது. அவருடைய ஒலிம்பிக் கனவு அங்கேயே முடிந்தது. அடுத்த ஆண்டு டோக்கியோவில் தங்கை மட்டும் களமிறங்கினார். அரையிறுதியில் அவரும் மோதி விழுந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சயாவின் கழுத்தில் தங்கம்!

இந்தக் கதையை வெற்றிக் கதையாக மட்டும் படித்துவிட்டுப் போக முடியாது. முறையாகப் பயிற்சி பெற்ற, முழு பாதுகாப்புக் கவசங்கள் அணிந்த வீரருக்கே இப்படி நடந்தது. ஒலிம்பிக் வீரர்கள் பாய்வது எட்டு மீட்டர் உயரச் சரிவிலிருந்து, பிள்ளைகள் பழகுவது சின்ன மேடுகளில். வேகமும் உயரமும் வேறு வேறுதான். ஆனாலும், தலை தலைதான்.

அதனால்தான் நல்ல முகாம்களில் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதே இல்லை. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே, அந்தப் பிள்ளைக்கு அன்று சைக்கிள் கிடையாது. ‘எனக்கு ஒண்ணும் இல்லை’ என்று பிள்ளையே சொன்னாலும் கிடையாது. தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு, மங்கலான பார்வை, வழக்கத்துக்கு மாறான தூக்கம் இருந்தால் உடனடியாக மருத்துவரிடம் போக வேண்டும். மருத்துவர் சரியென்று சொன்ன பிறகே மறுபடி சைக்கிள்.

‘வளர்ற பிள்ளைதானே’ வேண்டாமே!

பெற்றோர் பாசத்தில் செய்யும் தப்பு ஒன்று உண்டு. ‘வளர்ற பிள்ளை, ரெண்டு வருஷம் வரட்டும்’ என்று ஒரு சைஸ் பெரிதாக சைக்கிள் வாங்குவது. சட்டைக்கு அது சரி. சைக்கிளுக்குச் சரியில்லை. பெரிய சைக்கிளைப் பிள்ளையால் திருப்பவும் முடியாது, விழும்போது தள்ளிவிடவும் முடியாது. ஹெல்மெட்டும் அப்படித்தான். ஆடினால், அது இருந்தும் பயனில்லை.

பி.எம்.எக்ஸோ வேறு எந்தச் சாகச முகாமோ, பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

* ஹெல்மெட்டின் முன்விளிம்பு, புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் இருக்க வேண்டும். தலையை ஆட்டினால் அது நகரக் கூடாது. ஒருமுறை பலமாக அடிவாங்கிய ஹெல்மெட்டை, விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும்.

* ஹெல்மெட், கையுறை, முழங்கால் மற்றும் முழங்கை பேட், முழுக்கைச் சட்டை, முன்பக்கம் மூடிய ஷூ. இதில் எது இல்லாவிட்டாலும் ட்ராக்குக்குள் விடாத முகாம்தான் நல்ல முகாம்.

* ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள்? அவருக்கு முதலுதவி தெரியுமா? பக்கத்தில் எந்த மருத்துவமனை? கூச்சப்படாமல் கேளுங்கள்.

* முதல் நாளே பிள்ளையைப் பெரிய ரேம்ப்பில் ஏற்றி வீடியோ எடுத்து அனுப்பும் முகாமைவிட, இரண்டு நாள் தரையிலேயே ஓட்டவிடும் முகாமை நம்பலாம்.

* சின்ன வயது சிறுவனும் பெரிய பையன்களும் ஒரே நேரத்தில் ஒரே ட்ராக்கில் ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். வயதும் திறமையும் பார்த்துப் பிரித்திருக்க வேண்டும்.

* பிள்ளை ‘இன்னிக்கு வேண்டாம்’ என்றால் விட்டுவிடுங்கள். ‘அந்தப் பொண்ணு பாரு, உனக்கு என்ன பயம்?’ என்ற ஒப்பீடு வேண்டவே வேண்டாம். தயாராகாத பிள்ளையைத் தள்ளிவிடும்போதுதான் அடி பலமாகப் படுகிறது.

விளிம்பில் நிற்கும் அந்த நிமிடம்

ரேம்ப் இருக்கும் எந்த முகாமிலும் எப்போதும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. முதன்முறையாக ரேம்ப்பில் இறங்கப்போகும் பிள்ளை, முன்சக்கரத்தை விளிம்பில் வைத்துக்கொண்டு நிற்கும். ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். சில நேரம் அரை மணி நேரம்கூட. கீழே இருக்கும் பயிற்சியாளர் அவசரப்படுத்த மாட்டார். மற்ற பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள். அவர்களும் அங்கே நின்றவர்கள்தானே!

சிலர் இறங்கிவிடுவார்கள். சிலர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, படி வழியாகவே இறங்கி வருவார்கள். அப்படி வந்தவர்களையும் பயிற்சியாளர் தட்டிக்கொடுத்துதான் அனுப்புவார். ‘இன்று எனக்கு வராது’ என்று தெரிந்துகொள்வதும் பயிற்சியில் சேர்த்திதான். நாளைக்கும் அந்த ரேம்ப் அங்கேயேதான் இருக்கும்.

முகாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் பிள்ளையிடம் பதக்கம் இருக்காது. முழங்காலில் ஒன்றிரண்டு சிராய்ப்புகள் இருக்கும். அதற்கு மருந்து போடும்போது திட்டாமல், ‘எப்படிடா விழுந்தே?’ என்று கேட்டுப் பாருங்கள். சைக்கிளை எந்தப் பக்கம் தள்ளினான், தோளை எப்படிச் சுருட்டினான், மறுபடி எப்படி ஏறினான் என்று, நடு ஹாலில் ஆக்‌ஷனோடு செய்தே காட்டுவான்!